‘தொகு’ பொத்தானைத் தொடாத டாக்டர்கள்

ஆரணியிலிருந்து போளூர் போகும் வழியில், வடமாதிமங்கலம் பக்கம் உள்ளே திரும்பினால் திருமலை. பாறைச் சரிவில் 16 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நேமிநாதரைப் பார்க்க வடநாட்டிலிருந்தும் சமணர்கள் வருகிறார்கள். குந்தவை பெயரில் ஒரு ஜினாலயம், ராஜேந்திர சோழன் கங்கை வரை போன கதையைச் சொல்லும் கல்வெட்டு என்று ஊருக்குப் பழம்பெருமை நிறைய. சோழர் வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்குறிப்பில் இந்த ஊர்ப் பெயரைப் போடாமல் தப்ப முடியாது. ஆனால் தெருவுக்குள் நுழைந்தால் காதில் விழுவது ஆரணி வட்டாரம் முழுக்கக் கேட்கும் அதே சத்தம்தான்: பட்டுத்தறி.

அப்படி ஒரு தறி வீடு. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர் வீட்டுக்காரர். வேலூரில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள் ஜன்னல் திண்டில் கிடக்கிறது. கல்லூரிக்குப் போகும் மகள் அதை எடுத்துப் பார்க்கிறாள்.

“அப்பா, கிரியாட்டினின் 1.9னு போட்டிருக்கு. 1.3க்குள்ள இருக்கணுமாம்.”

“அது இன்னாம்மா, உப்பா?”

உப்பு என்றுதான் ஊரில் பேச்சு. கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ள வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் அது ரத்தத்தில் தேங்கும். இந்தச் சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பெண் செல்போனில் தமிழில் தேடினாள். வரிசைகட்டி வந்ததெல்லாம் வீடியோ. ஏழே நாளில் குறைக்கும் கஷாயம், டயாலிசிஸே தேவைப்படாமல் செய்யும் வேர். அதையெல்லாம் தள்ளிவிட்டு இங்கிலீஷில் தேடி விக்கிப்பீடியாவைத் திறந்தாள். ஒரு சுட்டியிலிருந்து இன்னொரு சுட்டிக்குத் தாவி, வலி மாத்திரைகளைப் பற்றிய பக்கத்தில் வந்து நின்றாள்.

இடுப்பு வலிக்காக மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி அப்பா வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கும் அதே வகை மாத்திரை. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த மாத்திரைகள் உடம்பில் சுரக்கவிடாமல் தடுக்கின்றன. வலி அடங்குவதும் அதனால்தான், சிறுநீரகம் அடிவாங்குவதும் அதனால்தான். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதே வகையைச் சேர்ந்த டைக்ளோஃபெனாக்கை மாடுகளுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மாண்டதால்தான் 2006-ல் கால்நடை மருத்துவத்தில் அதற்கு இந்தியா தடை போட்டது. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சுட்டி தாண்டினால் கழுகுக் கதைக்கும் போய்விடலாம். கலைக்களஞ்சியம் என்ற ஒன்று உருப்படியாக இருந்தால் இப்படித்தான் ஒரு கேள்வியில் ஆரம்பித்து நாம் கேட்க நினைக்காத பதிலுக்குக் கொண்டுபோய் விடும்.

அவள் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவும் படிக்கட்டும் என்று தமிழ்ப் பக்கத்தைத் தேடினாள். கட்டைவிரல் ஒரு தள்ளுத் தள்ளியதும் முடிந்துபோனது அது.

இந்தக் கட்டுரை அந்த நீள வித்தியாசத்தைப் பற்றியது.

யார் வேண்டுமானாலும் எழுதினால் தேறுமா?

விக்கிப்பீடியாவை மருத்துவத்துக்கு நம்பலாமா என்று கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, தாங்களும் பார்ப்பது உண்டு என்பார்கள். ஐ.எம்.எஸ். என்ற மருத்துவத் தகவல் நிறுவனம் 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, அமெரிக்காவில் தொழில் தேவைக்காக இணையத்தைப் பயன்படுத்தும் மருத்துவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் விக்கிப்பீடியாவைப் பார்ப்பதாகச் சொன்னது. கனடா நாட்டு அவசர சிகிச்சை மருத்துவர் ஜேம்ஸ் ஹெயில்மனும் ஆண்ட்ரூ வெஸ்ட்டும் 2015-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 2013-ஆம் ஆண்டு முடிவில் 255-க்கும் மேற்பட்ட மொழிகளில் 1,55,000-க்கும் மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகள் விக்கிப்பீடியாவில் இருந்தன. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அவை பார்க்கப்பட்டது 488 கோடித் தடவைக்கும் மேல்.

தரம்? 2005-ல் ‘நேச்சர்’ இதழ் அறிவியல் கட்டுரைகளில் 42 ஜோடியை எடுத்து, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தது. பிரிட்டானிகாவில் கட்டுரைக்குச் சராசரியாக மூன்று பிழை, விக்கிப்பீடியாவில் நான்கு. பிரிட்டானிகா கொதித்தெழுந்து மறுப்பு வெளியிட்டது, ‘நேச்சர்’ பின்வாங்கவில்லை. 2014-ல் அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு, பத்து நோய்களைப் பற்றிய பக்கங்களில் ஒன்பதில் மருத்துவ ஆய்வுகளோடு முரண்படும் தகவல் இருக்கிறது என்றது. ஆய்வு செய்த முறையே சரியில்லை என்று அதன் மீதும் விமர்சனம் எழுந்தது. அதே 2014-ல் விக்கிப்பீடியாவின் ஆங்கில டெங்கு கட்டுரை, வழக்கமான ஆய்விதழ்ச் சோதனைகளையெல்லாம் தாண்டி ‘ஓப்பன் மெடிசின்’ என்ற கனடா மருத்துவ இதழில் பிரசுரமானது. பெயர் தெரியாதவர்களும் கை வைத்த ஒரு பக்கம் மருத்துவ ஆய்விதழில் ஏறியது அப்போதுதான்.

அபத்தமும் நடந்திருக்கிறது. சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பைப் பற்றிய ஆங்கிலப் பக்கத்தில் யாரோ ஒரு குறும்பர் ‘குளூக்கோஜாசினோஜென்’ என்று உலகத்திலேயே இல்லாத ஒரு பொருளைச் செருகிவிட்டுப் போனார். அது அங்கேயே உட்கார்ந்திருந்து, சில ஆய்வுக் கட்டுரைகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதிய ஆராய்ச்சியாளர்களை என்ன சொல்வது! விக்கியைத் திட்டுவதற்கு முன்னால் அவர்களைத்தான் திட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நம் உச்ச நீதிமன்றத்துக்கும் இந்த விவகாரம் போனது. ஆயுர்வேதத்தைப் போலி அறிவியல் என்று எழுதியிருக்கிறார்கள், நீக்கச் சொல்லுங்கள் என்று ஆயுர்வேத மருந்து உற்பத்தியாளர் அமைப்பு ஒன்று 2022-ல் வழக்குப் போட்டது. நீங்களே அந்தக் கட்டுரையைத் திருத்தலாமே என்று கேட்டு, மனுவைத் தள்ளிவிட்டார்கள் நீதிபதிகள். மூன்றே மாதத்தில், 2023 ஜனவரியில், சுங்கவரி வழக்கொன்றில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, பலர் கூடித் திருத்தும் இத்தகைய தளங்களை முழுக்க நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள் என்று எச்சரித்தது. முரண்பாடு போலத் தெரிந்தாலும் இரண்டும் சரிதான். யாரும் கை வைக்கலாம் என்பதால் முழுசாக நம்பக்கூடாது. தப்பு என்று பட்டால் மாற்ற வழியும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் ‘நீங்களே திருத்தலாமே’ என்பது சொல்வதற்கு எளிது. ஆங்கில விக்கிப்பீடியாவின் மருத்துவப் பக்கங்களில் நினைத்ததை எழுதிவிட்டு வர முடியாது. தனித்தனி ஆய்வைக் காட்டினால் போதாது. பல ஆய்வுகளை அலசிய மறுஆய்வுக் கட்டுரை, உலக சுகாதார நிறுவனம் போன்றவற்றின் வழிகாட்டு நெறி, பாடநூல் என்று கேட்பார்கள். பத்திரிகைச் செய்தியை மருத்துவ ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். மருந்துப் பக்கங்களில் எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று பொதுவாக எழுதுவதே இல்லை. படிக்கிறவர் அதைப் பார்த்துத் தானே மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்டு வீடியோ போடும் எத்தனை பேர் இந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கிறார்கள்?

இவ்வளவையும் காவல் காப்பது பெரிய படை என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கில மருத்துவக் கட்டுரைகளைத் தொடர்ந்து கவனிக்கும் மையக் குழு 300 பேருக்கும் குறைவு என்றும், அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்கள் என்றும், அந்த எண்ணிக்கையும் ஐந்து வருஷமாகத் தேய்ந்துகொண்டே வந்தது என்றும் ஹெயில்மன் குழு எழுதியது. உலகத்துக்கே மருத்துவம் சொல்லும் பக்கங்களுக்கு முந்நூறு ஜோடிக் கண்கள்.

அப்படியானால் தமிழுக்கு எத்தனை?

மானிப்பாயிலிருந்து ஆலமரத்தடிக்கு

தமிழில் மருத்துவம் எழுத முடியாது என்று யாராவது ஆரம்பித்தால் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைக்கலாம். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-ல் அங்கே வந்து இறங்கினார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியபடியே உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில், பின்னர் தமிழிலேயே. ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடிப் பட்டணம் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. பாடத்துக்குப் புத்தகம் வேண்டுமே! சாப்மன், டான்போர்த், வில்லியம் பால் போன்ற தம் தமிழ் மாணவர்களோடு உட்கார்ந்து மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் எல்லாம் வந்தன. கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று 1872-லேயே தமிழில் வந்துவிட்டது. வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தார். மொழித் தூய்மைக்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். நோயாளி காத்திருக்கும்போது கிடைத்த சொல்லை வைத்து வேலையை முடித்தவர் அவர்.

அதற்கப்புறம் பெரிய முயற்சி என்றால் தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிவைத்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் ‘கலைக்களஞ்சியம்’. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியர். 1954-ல் முதல் தொகுதி, 1968-ல் பத்தாவது. இந்திய மொழிகளில் நவீன முறையில் முதலில் முழுமையடைந்த கலைக்களஞ்சியம் என்று பெருமையாகச் சொல்லப்படுவது. அதில் எழுதியவர்கள் அந்தந்தத் துறை வல்லுநர்கள், டாக்டர்களும் எழுதினார்கள். குறை ஒன்றுதான். அச்சானது அச்சானபடி நின்றுவிட்டது. மருத்துவத்தில் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வரி சில சமயம் வெறும் பழசு, சில சமயம் ஆபத்து.

2003 செப்டம்பர் 30-ல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, வளைகுடாவில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அந்த வருஷம் நவம்பரில் உள்ளே வந்தார். பல மாதம் ஏறக்குறையத் தனியாளாக உட்கார்ந்து இடைமுகத்தைத் தமிழாக்கிக் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். தனியொருவராக ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-க்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது, வாழ்நாள் சாதனைக்காக. கனடா வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் செ. இரா. செல்வகுமார் போன்றவர்கள் அறிவியல் பக்கங்களுக்கு உழைத்தார்கள். 2017 மே மாதம் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆசிரியர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆலமரத்தடி. உண்மையாகவே ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான் நடக்கும். எந்த எழுத்துக்கூட்டல் சரி, எந்தக் கட்டுரையை நீக்குவது, கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று நாள்கணக்கில் சளைக்காமல் வாதாடுவார்கள்.

கணக்கில் பார்த்தால் இந்தத் தேர் பெரிது. வடம் பிடிக்கத்தான் ஆள் இல்லை. ஆங்கிலத்தில் மாதாமாதம் ஒரு திருத்தமாவது செய்பவர்கள் லட்சத்துக்கு மேல். தமிழில் சில நூறு பேர். அதிலும் ஊர், கோயில், திரைப்படம், அரசியல் பக்கங்களுக்குப் போக மிச்சம் இருப்பவர்கள்தான் ஈரல், இதயம் பக்கம் வருவார்கள். ஒருவர் அக்கறையோடு எழுதிவிட்டுப் போன காசநோய்ப் பக்கத்தில் சிகிச்சை முறை மாறிவிட்டது என்று பார்த்துத் திருத்த அடுத்த ஆள் வர வருஷங்கள் ஆகலாம். பலர் பார்க்கிறார்கள் என்பதால்தான் ஆங்கிலப் பக்கத்துக்கு நம்பகம். அந்த ஏற்பாடு தமிழில் பாதிதான் இருக்கிறது: யாரும் எழுதலாம் என்பது இருக்கிறது, யாராவது பார்ப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆள் இல்லாத குறையை இயந்திரத்தால் அடைக்க 2009 வாக்கில் கூகுள் முயன்றது. ஆங்கிலப் பக்கங்களைத் தன் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, கூலிக்கு ஆள் வைத்துத் தமிழ், தெலுங்கு, வங்காளி என்று இறக்கியது. வாக்கியம் வாக்கியமாக இயந்திர வாடை. தமிழ் வாசகர் யாரும் தேடாத அமெரிக்கப் பாப் பாடகர்களுக்கெல்லாம் முழ நீளப் பக்கங்கள். தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் 2010-ல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நடந்த உலக விக்கி மாநாட்டில் இதை அலசிக் கட்டுரை வாசித்தார். தமிழ்க் குழு கூகுளோடு பேசி, தலைப்புகளையும் தரத்தையும் கொஞ்சம் வழிக்குக் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் பல வருஷம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கோணல் ஸ்காட்ஸில் எழுதித் தள்ளியிருந்தது 2020-ல்தான் வெளியே தெரிந்தது. பார்க்க ஆள் இல்லாத வீட்டில் எதுவும் நடக்கும்.

காலி இடத்தில் வந்து உட்காருபவர்கள்

நல்ல பக்கம் இல்லையென்றால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும். ஊசி போட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. பெற்றோர்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையை அழைத்துப் போனார்கள். இயக்கத்தையே மார்ச் வரை நீட்டிக்க வேண்டிவந்தது. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் துணையோடு வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பள்ளி ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்தார். அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவரைப் போலீஸ் பிடித்தது. இப்படி ஏமாந்தவர்களில் படித்தவர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு. தேடத் தெரிந்தவர்கள்தான். தேடியபோது தமிழில் முன்னால் வந்து நின்றது எது என்பதுதான் பிரச்னை.

நிலவேம்பை எடுத்துக்கொள்வோம். 2012-ல் டெங்கு பரவியபோது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீரைக் கையில் எடுத்தது. 2017-ல் மறுபடி டெங்கு, மறுபடி தெருவுக்குத் தெரு அண்டா. அந்த அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடியும்வரை நிலவேம்பு கொடுக்க வேண்டாம் என்று தன் இயக்கத்தாருக்கு ட்விட்டரில் சொல்ல, ஊர் இரண்டாகப் பிரிந்தது. டிவியில் ஒரு பக்கம் சித்த மருத்துவர்கள், இன்னொரு பக்கம் ரசிகர்கள், நடுவில் கட்சிக்காரர்கள். வீட்டில் காய்ச்சலோடு குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது என்ன? இந்தக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு என்று மொத்தம் ஒன்பது சரக்கு. ஆய்வுக்கூடத்தில் வைரஸ் மீது சோதித்ததில் நம்பிக்கை தரும் முடிவுகள் உண்டு. மனிதர்களிடம் பெரிய அளவில் முறைப்படி செய்த சோதனைகள் போதாது. இதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், காய்ச்சல் விட்டபின் சோர்வு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சிறு எண், அதைத் தொட்டால் ஆதாரம். இதைச் சண்டை இல்லாமல் சொல்லக்கூடிய ஒரே வடிவம் கலைக்களஞ்சியப் பக்கம்தான். டிவி விவாதத்தால் முடியாது. முடிந்தால் நிகழ்ச்சி ஓடாது.

ஒரு மருத்துவப் பக்கம் எவ்வளவு தேறும் என்று கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. திருமலைப் பெண் செய்யாமல் விட்டதும் இதுதான்: பக்கத்தின் மேலே ‘வரலாறு’ என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் எந்தத் தேதியில், எந்தப் பயனர், எந்த வரியை மாற்றினார் என்பது அத்தனையும் வரிசையாக வரும். கடைசித் திருத்தம் எட்டு வருஷத்துக்கு முந்தையது என்றால் ஒதுங்கிக்கொள்ளலாம். ‘உரையாடல்’ பக்கத்தைத் திறந்தால் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்று தெரியும். சிகிச்சை பற்றிய வரிக்கு மூலமாக ஒரு வார இதழ்க் கட்டுரை காட்டப்பட்டிருந்தால், நம் தொழிலை விட்டுக்கொடுத்துச் சொல்கிறேன், அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம். ‘மேற்கோள் தேவை’ என்ற குறிப்பைப் பார்த்துச் சிலர் பக்கத்தையே மூடிவிடுகிறார்கள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் இணையப் பக்கம் வேறு எங்கே கிடைக்கிறது?

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. கேள்வி கேட்டால் ஏ.ஐ. நாலு வரியில் பதில் சொல்லிவிடுகிறது. அது எழுதக் கற்றுக்கொண்ட இடங்களில் விக்கிப்பீடியாவும் ஒன்று. அந்த நாலு வரிக்கு ‘வரலாறு’ பொத்தான் கிடையாது. தமிழ்ப் பக்கத்தில் இருக்கும் பிழை, யார் எழுதியது என்ற அடையாளமும் போய், திருத்தமான தமிழில் உறுதியான குரலில் திரும்பி வரும். ஆகவே மூலப் பக்கத்தைச் சரிசெய்வது முன்பைவிட இப்போது அவசரம்.

வேலூர் 40 கிலோமீட்டர்

ஆரணியிலிருந்து வேலூர் சுமார் 40 கிலோமீட்டர். ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. அங்கேதான் இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயில் ஏறி நோயாளிகள் வருகிறார்கள். ஆரணிக்காரர்கள் பஸ் ஏறினால் போதும். வேலூரிலும் திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உண்டு. 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்ட மாநிலம் இது. ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே எம்.பி.பி.எஸ்.ஸில் சேர்கிறார்கள். சிறுநீரகத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

விக்கிப்பீடியாப் பக்கத்தின் மேலே இருக்கும் ‘தொகு’ பொத்தானைத் தொட்டு அவர்கள் ஏன் எழுதுவதில்லை என்பதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். நேரம் இல்லை. படித்தது எல்லாம் இங்கிலீஷில். எழுதினால் பெயரும் வராது, பணமும் வராது, பதவி உயர்வுக்கும் கணக்கில் சேராது. முதல் தடவை ஆசையாக எழுதியதை முகம் தெரியாத யாரோ மூலம் எங்கே என்று கேட்டு நீக்கிவிட்டால், நாற்பது நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கோபம் வரத்தானே செய்யும். தமிழ் விக்கிப்பீடியர்களிடமும் ஒரு குறை உண்டு. எழுத்துக்கூட்டலில் காட்டும் கண்டிப்பைச் சிலர் புதிதாக வருபவரிடம் கொஞ்சம் தளர்த்தலாம். கிறீன் ‘கெமிஸ்தம்’ என்று எழுதியதை இன்று ஆலமரத்தடியில் போட்டால் ஒரு வாரம் சண்டை நடக்கும்.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் தமிழைவிடச் சின்ன மொழி ஒன்றில். எபிரேயம் பேசுவோர் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கோடியை ஒட்டித்தான் இருப்பார்கள். டெல் அவீவ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 2013-லிருந்து ஷானி எவன்ஸ்டைன் நடத்திய ‘விக்கிமெட்’ பாடத்தில் மாணவர்கள் எபிரேய விக்கிப்பீடியாவின் மருத்துவப் பக்கங்களை எழுதினார்கள், திருத்தினார்கள். அதற்கு மதிப்பெண் உண்டு. அதே வருஷக் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அமீன் அஸாம் இறுதியாண்டு மருத்துவ மாணவர்களுக்கு இதையே விருப்பப் பாடமாக்கினார். முதல் இரண்டு வருஷத்தில் 43 மாணவர்கள் படித்தார்கள். நோயாளிக்குப் புரியும்படி எழுதுவதும் டாக்டர் கற்க வேண்டிய வித்தைதான் என்பது அந்தப் பாடத்தின் அடிப்படை. கேரளத்திலிருந்து சுவீடன் போன மருத்துவர் நேதா உசைன் கோவிட் காலத்தில் தடுப்பூசிப் பாதுகாப்பைப் பற்றிய பக்கங்களைத் தேடித்தேடிச் சரிசெய்தார். 2020 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமே விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவோடு கைகோத்து, தன் கோவிட் விளக்கப்படங்களை யாரும் எடுத்தாளத் திறந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. 2017-ல் பள்ளிக் கல்வித்துறையோடு சேர்ந்து தமிழ் விக்கிப்பீடியர்கள் மாவட்ட வாரியாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் மனசு வைத்தால் அதையே பயிற்சி மருத்துவர்களுக்கும் செய்யலாம். ஆயிரம் பக்கம் வேண்டாம். முதலில் கொஞ்சம் பக்கங்கள் உருப்படியாக இருந்தால் போதும். வலி மாத்திரை, கர்ப்ப கால ரத்த அழுத்தம், நாய்க்கடி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும், டயாலிசிஸ்.

என்னைக் கேட்டால் முதல் பக்கம் பாம்புக்கடி. வயலும் வரப்புமான இந்த வட்டாரத்தில் மழைக்காலம் வந்தால் அது தினச் செய்தி. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் அதைச் சேர்த்தது. நஞ்சுமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி நம் மாநிலத்தில்தான், வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. எழுதவேண்டியதும் அதிகம் இல்லை. கடித்த இடத்துக்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டாதே. பிளேடால் கீறாதே. வாயால் உறிஞ்சாதே. பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வருவதில் நேரத்தை விடாதே. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல், நஞ்சுமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோ. ஒவ்வொரு வரிக்கும் வழிகாட்டு நெறியிலிருந்து ஓர் அடிக்குறிப்பு. இதில் எந்த வரியும் ஒரு ஹவுஸ் சர்ஜனுக்குப் புதிது இல்லை. கேஷுவாலிட்டியில் ராத்திரி டியூட்டியில் பாம்புக்கடி வரும்போதெல்லாம் கூட வந்தவர்களிடம் தமிழில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.